முன்னாலேயே போட்ட மொட்டை

அன்றைக்கு மலைக்கோயிலில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. என் அம்மா. என் அக்கா. அக்கா புருஷன். அவர்களுடைய பெண் குழந்தை, வயது ஒன்று. முடி எடுப்பவர். காது குத்தும் பத்தர் இன்னும் வந்து சேரவில்லை, அதனால் அவரைச் சேர்க்கவில்லை. பூசாரி கதவைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். சாமி இருந்தது.

பனியும் இருந்தது. கல்வராயன் மலையில் கார்த்திகை மாதம் காலை பத்து மணிக்குக்கூடப் பனி முழுசாக விலகாது. விறகு பொறுக்கப் போன அக்கா புருஷன் பத்தடி தாண்டியதும் காணாமல் போனார். இருமல் மட்டும் கேட்டது. அப்புறம் ஆள் வந்தார். மறுபடி போனார். இருக்கிறார், இல்லை, இருக்கிறார். அப்படி ஒரு காலை. நடந்ததா, தூக்கத்தில் பார்த்ததா என்று இப்போதுகூடச் சில நேரம் தோன்றும். தலையைத் தடவிப் பார்த்துத்தான் நம்பினேன்.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும்.

நான் கரும்பு வெட்டுகிறவன். கச்சிராயபாளையம் பக்கம், கோமுகி அணைத் தண்ணீர் பாயும் கழனிகளில் வேலை. எட்டாவது வரை படித்தேன். என் மனைவி கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் படிப்பு மூன்று வருஷம் முடித்தவள். முடித்தாள் என்று சொல்லக் கூடாது. ஒரு பேப்பர் நின்றுவிட்டது. டிஸ்கிரீட் மேத்ஸ் என்று பெயர். நாற்பது எடுத்தால் பாஸ். நாலு தடவை எழுதினாள். நாலாவது தடவை முப்பத்தாறு. அதற்குள் எங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

அந்தப் பாடத்தையே மாற்றிவிட்டார்கள். பழைய ஆட்களுக்குக் கடைசியாக ஒரு தடவை பரீட்சை வைக்கிறோம், அதோடு சரி என்று கல்லூரியில் சொன்னார்கள். அதிலும் போனால் பட்டம் கிடையாது. சங்கராபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள். பட்டத்தைக் காட்டினால் அடுத்த நாளே வரலாம் என்றார்கள். காட்டாவிட்டால் என்னோடு சோகை உரிக்க வர வேண்டியதுதான். கரும்பில் காய்ந்து தொங்கும் தோகையைச் சோகை என்போம். அது கையைக் கீறும். அவள் வந்துகொண்டுதான் இருந்தாள். கீறலைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. எண்ணெய் தடவிக்கொண்டு பேனா பிடிப்பாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆட்கள் கரும்பு நிழலில் படுப்பார்கள். அவள் நோட்டை எடுப்பாள். சரிபார்க்கிற வேலை எனக்கு. எனக்கு இங்கிலீஷ் வராது. அந்தப் பாடத்துக்கு அது பெரிய குறை இல்லை. விடை இரண்டே எழுத்து. ஒன்று உண்மை, ஒன்று பொய். உண்மைக்குத் தலையில் குறுக்கே ஒரு கட்டை. பொய்க்குப் பக்கவாட்டில் இரண்டு கட்டை. அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். நான் புத்தகத்தில் விரல் வைத்துப் பார்ப்பேன். சரி என்பேன். சில நேரம், மேலே போ, மூணாவது தப்பு என்பேன்.

பாடம் என்னவென்று கேட்டேன். ஒரு எழுத்து ஒரு பேச்சுக்குப் பதிலாக நிற்கும் என்றாள். மழை பெய்கிறது என்பது ஒரு பேச்சு. அதற்குப் பி என்று பெயர் வைத்தாயிற்று. பி ஒன்று உண்மையாக இருக்கும், இல்லை பொய்யாக இருக்கும். நடுவில் எதுவும் கிடையாது.

“தூறல்?” என்றேன்.

“தூறலும் மழதாங்க.”

“பனி?”

“இன்னாங்க, பாடம் சொல்றனா, மழை அளக்கறனா?”

பக்கத்தில் படுத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் விரலைப் புத்தகத்தில் வைத்தேன்.

‘இதுவும் அதுவும்’ என்கிற கணக்கு எனக்குச் சொல்லாமலே தெரிந்தது. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவும் வர வேண்டும், லாரியும் வர வேண்டும். ஒன்று வந்து ஒன்று வராவிட்டால் நாங்கள் கொடுவாளைத் தொட மாட்டோம். ‘இதுவோ அதுவோ’ என்பதும் தெரிந்தது. கட்டுக் கட்டத் தோகையோ கயிறோ வேண்டும். இரண்டுமே இருந்தால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

அவள் நின்றது அம்புக்குறியில். ‘இது நடந்தால் அது நடக்கும்’ என்று ஒரு பேச்சு. அதற்கு நாலு வரிசை. முதல் வரிசையில் இது நடந்தது, அதுவும் நடந்தது. பேச்சு உண்மை. இரண்டாவதில் இது நடந்தது, அது நடக்கவில்லை. பேச்சு பொய். இதுவரைக்கும் அவளுக்குத் தகராறு இல்லை. மூன்றாவதில் இது நடக்கவே இல்லை, அது மட்டும் நடந்தது. புத்தகம் அதையும் உண்மை என்கிறது. நாலாவதில் இரண்டுமே நடக்கவில்லை. அதுவும் உண்மையாம்.

“நடக்காததுக்கு எப்படிங்க உண்மைன்னு போடறது?”

“புத்தகத்துல அப்படித்தான் போட்டுக்குது.”

“புத்தகத்துல இருக்குது. எம்மனசுல இல்லியே.”

மனப்பாடமாக எழுதிவிடுவாள். இரண்டு எழுத்து வந்தால் தப்பித்துக்கொள்வாள். மூன்று எழுத்து வந்தால் எட்டு வரிசை. ஐந்தாவது வரிசைக்கு வரும்போது கை சந்தேகப்படும். அங்கே ஒன்றை மாற்றிப் போட்டால் அதற்கப்புறம் எல்லாம் மாறும். நாலு தடவையும் அங்கேதான் போனது என்றாள். சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் முணுமுணுப்பைக் கேட்டபடி தூங்கிவிடுவேன். உண்மை, பொய், உண்மை, உண்மை. கரும்புக்குள்ளே காற்று போகிற சத்தமும் அதுவும் ஒன்றாகிவிடும். தூக்கத்தில் நான் கழனிக்குள் நடப்பேன். ஒவ்வொரு சாலுக்கும் மேலே ஒரு எழுத்து நிற்கும். கொக்கு நிற்கிற மாதிரி. கிட்டே போனால் பறக்கும். பறந்த பிறகு அது உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. விழித்தால் அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பாள். வெயில் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

அம்மா இதையெல்லாம் பார்த்தாள். ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி படத்தில் தொங்கவிட்டாள். மருமகள் பாஸானால் என் மகன் மலைக்கு வந்து மொட்டை போடுவான் என்று வேண்டிக்கொண்டாள். முடி என்னுடையது. கேட்டது சாமியை. எனக்குச் சாப்பிடும்போது சொன்னாள்.

“உன் முடிய ஏம்மா வேண்டிக்கல?” என்றேன்.

“எனக்கு இருக்கறதே கம்மி. சாமி சிரிக்கும்.”

சரி என்றேன். பாஸானால்தானே.

மலைக்குப் போனது அக்கா குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்த. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் செய்ய வேண்டும். தாய்மாமன் நான். பரீட்சைக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. மனைவி பஸ்ஸில் ஏறும்போதே நோட்டை எடுத்துக்கொண்டாள். வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப நோட்டை மூடினாள். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையாக இருந்தது. எங்கே போகிறோம் என்று டிரைவருக்கு மட்டும் தெரிந்தது.

கோயிலுக்கு முன்னால் பாறையில் உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வைத்தார்கள். கத்தியைப் பார்த்ததும் அது வீறிட்டது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. முடி எடுப்பவர் மூன்று தடவை கையைக் கொண்டுவந்தார். மூன்று தடவையும் இறக்கிக்கொண்டார்.

“இப்படி ஆட்டிக்கினு இருந்தா ரத்தம் வந்துடுங்க,” என்றார்.

அக்கா கிலுகிலுப்பையை ஆட்டினாள். அக்கா புருஷன் ஆடு மாதிரி கத்திக் காட்டினார். குழந்தை இன்னும் பயந்தது.

“நீ கத்துனா எனக்கே பயமா இருக்குது. போய் வெறகு எடு,” என்றாள் அக்கா. அவர் பனிக்குள் போனார்.

“மாமன் தலையில வெச்சிக் காட்டட்டுமாங்க? பாத்தா அடங்கும்,” என்றார் முடி எடுப்பவர்.

நான் தலையைக் குனிந்தேன். கத்தியின் முதுகை வைத்துக் காட்டுவார் என்று நினைத்தேன். அவர் தண்ணீரைத் தொட்டுத் தடவினார். நெற்றியிலிருந்து உச்சிவரை இழுத்தார். கைப்பழக்கம். ஒரே இழுப்பு. முடி குழந்தையின் காலில் விழுந்தது.

குழந்தை அழுகையை நிறுத்தியது. விழுந்ததைப் பார்த்தது. என் தலையைப் பார்த்தது. சிரித்தது.

முடி எடுப்பவர் சிரிக்கவில்லை. “ஐயோ,” என்றார். “முதுகுன்னு நெனச்சிக்கினே வெச்சிட்டேங்க.”

தொட்டுப் பார்த்தேன். நடுவில் வாய்க்கால் எடுத்த மாதிரி இருந்தது. அப்படியே எழுந்து போக முடியாது. முடித்துவிடு என்றேன். முடித்தார். குழந்தை கண் கொட்டாமல் பார்த்தது. என் தலை முடிந்ததும் தன் தலையைக் காட்டியது. அதற்கும் போட்டார். ஒரு சத்தம் இல்லை. பனி உச்சந்தலையில் இறங்குவதை முதல் தடவையாக உணர்ந்தேன். குளிர்ந்தது. நன்றாகத்தான் இருந்தது.

அம்மா பொங்கல் அடுப்பு இருந்த பக்கத்திலிருந்து வந்தாள். கையில் கரண்டி. குழந்தையைப் பார்த்தாள். கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“யார்ரா இது?”

“நாந்தான்.”

“அடப்பாவி! அவ பாஸானா போட வேண்டிய மொட்டடா அது!”

மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. நினைக்கவில்லை.

அக்கா வந்தாள். அக்கா புருஷன் விறகோடு வந்தார். மூன்று பேரும் என் தலையைச் சுற்றி நின்றார்கள்.

“முன்னாடியே கூலி வாங்கிக்கினவங்க வேலைக்கி வருவாங்களா?” என்றாள் அம்மா. “சாமி இனிமே எதுக்கு அவளுக்கு ஒதவப் போவுது?”

“ஒட்டி வெக்க முடியுமான்னு கேளுங்க அத்த,” என்றார் அக்கா புருஷன்.

“உன் வாய ஒட்டணும்.”

என் மனைவி அடுப்புக்குப் பக்கத்தில் வெல்லம் இடித்துக்கொண்டிருந்தவள். எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. பனியில் அவள் முகம் மட்டும் தெரிந்தது. சத்தமில்லாமல் கேட்டாள்.

“நான் பாஸாவ மாட்டன்னு முடிவு பண்ணிட்டீங்களா? எப்படியும் பாஸாவப் போறதில்ல, இன்னிக்கே போட்டுக்கலாம்னு?”

“கொழந்த அழுதுச்சி,” என்றேன்.

வேறு என்ன சொல்வது. அதுதான் நடந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடி எடுப்பவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சுத்தமான பிறகும் துடைத்தார்.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். “போச்சி. வேண்டுதல் பொய்யாப் பூடுச்சி,” என்றாள்.

மனைவி திரும்பினாள். “பொய்யா? எப்ப அத்தை பொய்யாவும்?”

“எப்ப இன்னா எப்ப? இதோ நிக்குதே, குண்டுத் தலை.”

“இருங்க.”

கோயிலுக்குப் பின்னால் கடுக்காய் மரம் ஒன்று உண்டு. கீழே காய்கள் கிடந்தன. முந்தானையில் கொஞ்சம் பொறுக்கிக்கொண்டு வந்தாள். அடுப்புக்கு முன்னால் ஈர மண்ணில் குச்சியால் நாலு கட்டம் போட்டாள், ஒன்றின் கீழ் ஒன்று. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு இடது பக்கம் கடுக்காய் வைத்தால் அவள் பாஸ். வலது பக்கம் வைத்தால் எனக்கு மொட்டை. வைக்காவிட்டால் அது நடக்கவில்லை என்று அர்த்தம். எல்லாருக்கும் சொன்னாள். அக்கா புருஷன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். முடி எடுப்பவரும் வந்து எட்டிப் பார்த்தார்.

முதல் கட்டத்தில் இரண்டு பக்கமும் காய் வைத்தாள். “அத்தை, நான் பாஸு. இவரு மொட்டை. சாமி கோவிக்குமா?”

“ஏன் கோவிக்குது? சொன்னத செஞ்சாச்சே.”

இரண்டாவது கட்டத்தில் இடது பக்கம் மட்டும் வைத்தாள். “நான் பாஸு. இவரு முடி வெச்சிக்கினு சுத்தறாரு.”

“கண்ணக் குத்திடும்.” அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மூன்றாவதில் இடது பக்கத்தைக் காலியாக விட்டாள். வலது பக்கம் ஒரு காய். கையை அதன் மேலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். “நான் ஃபெயிலு. ஆனா இவரு மொட்டை.”

அம்மா யோசித்தாள். அடுப்பில் பால் சத்தம் போட்டது. அக்கா ஓடிப்போய்த் தீயை இழுத்துவிட்டு ஓடி வந்தாள்.

“அதுல இன்னா தப்பு?” என்றாள் அம்மா. “சும்மாவே வந்து முடி குடுக்கறவன் இல்லியா? பாஸாவலன்னா மொட்ட போடக் கூடாதுன்னா நான் சொன்னேன்?”

“சொல்லலியா?”

“நான் எங்க சொன்னேன். பாஸானா போடுவான்னேன். அவ்ளோதான். பாஸாவலன்னா அவன் முடி, அவன் இஷ்டம்.”

“பொய்யாவலியா?”

“ஆவல.”

நாலாவது கட்டம் காலி. “பாஸும் இல்ல, மொட்டையும் இல்ல.”

“அப்ப பேச்சே இல்ல. பொய்யின்னு எவன் சொல்லுவான்?”

மனைவி குச்சியைக் கீழே போட்டாள். மண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பனி எங்களுக்கும் கட்டங்களுக்கும் நடுவில் வந்து போனது. கட்டம் மறைந்தது, தெரிந்தது. அவள் உதடு அசைந்தது. உண்மை, பொய், உண்மை, உண்மை. கழனியில் சொல்கிற அதே நாலு சொல். இந்தத் தடவை மெதுவாகச் சொன்னாள். ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு.

“அத்தை, மூணு வருஷமா யாரும் எனக்கு இப்படிச் சொல்லலியே,” என்றாள்.

“நான் இன்னாடி சொன்னேன்?” என்றாள் அம்மா. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

மனைவி வலது பக்கம் காய் இல்லாத இரண்டு கட்டங்களையும் காலால் அழித்தாள். “முடி போயிடுச்சி. இந்த ரெண்டும் இனிமே கெடயாது. மிச்சம் ரெண்டு. ரெண்டும் உண்மை. நான் பாஸானாலும் ஆவாட்டியும் உங்க வேண்டுதல் பொய்யாவாது அத்தை. ஆவவே முடியாது.”

“அப்ப படிக்கவே வேணாம்னு சொல்லு,” என்றார் அக்கா புருஷன்.

“சாமிக்கு வேலை முடிஞ்சிதுண்ணா. எனக்கு முடியல.”

அம்மா அழிந்த கட்டங்களைப் பார்த்தாள். மீதியைப் பார்த்தாள். சமாதானம் ஆனாளா என்று தெரியவில்லை. “இருந்தாலும் நீ இன்னொரு தடவ கும்பிட்டுடு,” என்றாள். மனைவி போய்க் கும்பிட்டாள். திரும்பி வரும்போது என் தலையை ஒரு தடவை தடவினாள். எல்லார் முன்னாலும். அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை. அதற்குள் பனிக்குள்ளிருந்து பத்தர் வந்தார். பஸ் லேட்டு என்றார். குழந்தைக்குக் காது குத்தினார். இப்போது அது மலை முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதது.

பதினைந்து நாள் படித்தாள். நான் விரல் வைத்துப் பார்த்தேன். மூன்று எழுத்து, எட்டு வரிசை. ஐந்தாவதில் நிற்காமல் போனாள். சில நாள் நான் தப்பான வரிசையில் விரலை வைத்துவிட்டு, தப்பு என்பேன். “உங்க விரலுதான் தப்பு,” என்பாள். பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

பரீட்சைக்கு வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். அவள் உள்ளே போனாள். நான் கேட்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம். வாட்ச்மேன் என் தலையைப் பார்த்தார். பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“அப்பா தவறிட்டாருங்களா?”

“இல்லீங்க. பரீட்ச.”

அவர் கொஞ்சம் யோசித்தார். கேட்டுக்கே திரும்பிப் போய்விட்டார்.

இலை விழுந்துகொண்டிருந்தது. எண்ணவில்லை. கண்ணை மூடினால் சால்களுக்கு மேல் எழுத்துகள் நின்றன. இந்தத் தடவை பறக்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். ஒவ்வொன்றும் கடுக்காய் அளவு இருந்தது. வெயில் காலில் விழுந்ததும் விழித்தேன். அவள் வெளியே வந்துகொண்டிருந்தாள்.

“வந்துச்சா?” என்றேன்.

“வந்துச்சி. மூணு எழுத்து.”

“எழுதுனியா?”

“எழுதுனேன். வேற கணக்கு ரெண்டு விட்டுட்டேன். நேரம் பத்தல.”

வண்டியில் ஏறினாள். விட்ட இரண்டு கணக்குக்கு எவ்வளவு மார்க் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

தை மாதம் வெட்டு நடந்துகொண்டிருந்தது. உத்தரவும் வந்திருந்தது, லாரியும் வந்திருந்தது. அவளும் வந்து கட்டுக் கட்டினாள். ரிசல்ட் வந்திருக்கிறது என்று கூடப் படித்தவள் போன் பண்ணினாள். கழனிக்குள் நெட் வராது. வாய்க்கால் கரைமேல் ஏறினால் வரும். அவள் ஏறி நின்றாள். போனைத் தூக்கிப் பிடித்தாள். எனக்கு அவள் முதுகு தெரிந்தது. மேலே வானம். நான் வெட்டிக்கொண்டிருந்தேன். நிறுத்தினால் சால் பின்தங்கும். ஆனால் ஒரே கரும்பை இரண்டு தடவை வெட்டினேன் என்று பக்கத்துச் சால்காரன் அப்புறம் சொன்னான்.

நெடுநேரம் ஆன மாதிரி இருந்தது. ஆகியிருக்காது. வெட்டின கரும்புக்கு நடுவில் நடந்து வந்தாள். தோகை காலில் சரசரத்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்குப் பழக்கமான முகம்தான், ஆனால் என்னால் படிக்க முடியவில்லை. பக்கத்தில் வந்து போனை நீட்டினாள்.

“சரி பாருங்க,” என்றாள். “நான் பாத்தது சரியான்னு தெரில.”

கையைக் கைலியில் துடைத்தேன். கண்ணில் வியர்வை. போனில் எல்லாம் இங்கிலீஷ். எண் எனக்குத் தெரியும். அவள் காட்டிய இடத்தில் விரலை வைத்தேன். பக்கவாட்டிலே கொண்டுபோனேன். வரிசை மாறாமல் போனேன்.

நாற்பத்திரண்டு.